அத்தை எங்கே போய் நிற்கணும்?

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. மதியம் இரண்டு மணியைத் தாண்டிப் பத்து நிமிஷம் இருக்கும். அப்போது இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். கீழே ஷாப் ஃப்ளோரில் இருந்த எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பிரஸ் மெஷின்கள் அடிக்கிற அடியில் அங்கே தரை எப்போதும் அதிர்ந்துகொண்டேதான் இருக்கும். மாடி ஆபீஸில் இருந்தவர்கள்தான் நாற்காலி நகர்கிறது, பாட்டிலில் தண்ணீர் ஆடுகிறது என்று எழுந்திருக்கிறார்கள். சைரன் அடித்தது. மெஷினை நிறுத்தினோம். மஞ்சள் கோட்டுக்குள் வரிசையாக நடந்து, பச்சைப் பலகை நட்டிருந்த அசெம்பிளி பாயிண்டில் போய் நின்றோம். லைன் லீடர் பேர் வாசித்தார். ஹெட் கவுண்ட் சரி. எல்லாம் சேர்த்து நாலு நிமிஷம்.

அதற்குப் பிறகுதான் வீட்டு நினைப்பு வந்தது. ஒரு வயசுப் பையன், அவனைப் பார்த்துக்கொள்ளும் அத்தை, இரண்டு பேரும் வாடகை வீட்டின் முதல் மாடியில். என் கணவர் ஒரகடத்தில் ஷிப்டில். போன் போட்டேன், போகவில்லை. என்னைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் அதே நேரத்தில் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவில் நிலநடுக்கம், சுனாமி எச்சரிக்கை என்று செய்தி பரவியது. கடலூரில் இருக்கும் அப்பாவுக்கும் போன் கிடைக்கவில்லை. நாலே கால் மணி வாக்கில் 8.2 அளவில் இன்னொன்று. பஸ் ஏறி வீடு வந்து சேர ஆறு மணி ஆகிவிட்டது.

அத்தை பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்கள். "தூளி தானா ஆடுச்சும்மா. நான் கையே வைக்கல. ஃபேனும் ஆடுது. புள்ளையத் தூக்கிக்கிட்டு படியில எறங்கி ஓடியாந்துட்டேன்" என்றார்கள்.

"எங்க போய் நின்னீங்க?"

"வெயில் கொளுத்துச்சு. டேங்க் நெழல்ல நின்னேன்."

வீட்டுக்காரர் காம்பவுண்டுக்குள் நாலு ஒல்லித் தூண்களை எழுப்பி, அதன்மேல் ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்க் வைத்திருந்தார். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். அதற்கு அடியில் என் மாமியாரும் என் பிள்ளையும் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறார்கள். "அங்க நிக்கக் கூடாதுங்க அத்தை" என்றேன். அவர்கள் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்கள்: "அப்போ நான் எங்க போய் நிக்கணும்?"

என்னிடம் பதில் இல்லை. கம்பெனியில் எனக்கு நிற்க ஒரு இடம் இருந்தது. அதை வருஷத்துக்கு இரண்டு தடவை மாக் ட்ரில் வைத்துக் காலுக்குப் பழக்கியிருந்தார்கள். வீட்டில் அத்தைக்கு அப்படி ஒரு இடத்தை யாரும் காட்டவில்லை. காட்டியிருக்க வேண்டியவள் நான். பதின்மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் நாங்கள் செய்து பார்த்தது, செய்யத் தவறி நஷ்டப்பட்டது எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பித்ததுதான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் ஷிப்டு வாழ்க்கை வாழ்கிற யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

ஷிப்டு என்பதுதான் இதில் முக்கியம். பேரிடர் பற்றிச் சொல்கிறவர்கள் எல்லாம் குடும்பம் மொத்தமும் ஹாலில் ஒன்றாக உட்கார்ந்திருப்பது போலவே சொல்கிறார்கள். நம் பக்கத்தில் அப்படி எந்த வீடு இருக்கிறது? ஒருத்தர் ஏ ஷிப்டில், ஒருத்தர் சி ஷிப்ட் முடித்துவிட்டுத் தூக்கத்தில், பிள்ளைகள் ஸ்கூலில், மிச்சம் ஒரு வயசானவர். அதனால் மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது, சிலிண்டரை எப்படி மூடுவது என்பது "வீட்டு ஆம்பளைக்கு" மட்டும் தெரிந்தால் அது யாருக்கும் தெரியாத மாதிரிதான். வீட்டில் அதிக நேரம் இருக்கிறவர் யாரோ, அவர் கைக்கு அது வந்தாக வேண்டும். எங்கள் வீட்டில் அது அத்தை.

நம் ஊரில் நிலநடுக்கமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டவள்தான். 2001 செப்டம்பர் 25 அன்று இரவு எட்டு மணிக்கு மேல் புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் ஐந்தரை அளவில் ஒன்று வந்தது. கடலூரில் எங்கள் தெருவே வெளியே வந்து நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. 2002இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் நில அதிர்வு வரைபடத்தைத் திருத்தியபோது சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. மூன்று என்றால் மிதமான ஆபத்து. 2019 பிப்ரவரி 12 காலை ஏழு மணிக்கு வங்கக் கடலில் 4.9 அளவில் வந்தது சென்னையில் பல பேருக்குத் தெரிந்தது. 1900இல் கோயம்புத்தூர்ப் பக்கமே ஒன்று வந்திருக்கிறது.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நமக்கு வெள்ளமும் புயலும்தான் அடிக்கடி வருகிற விருந்தாளிகள். ஆனால் மகாராஷ்டிராவில் லாத்தூரை நினைத்துக்கொள்கிறேன். தக்காணத்துப் பாறை நிலம், இங்கெல்லாம் ஒன்றும் வராது என்று அன்றைய வரைபடத்தில் மிகக் குறைந்த ஆபத்து மண்டலமாகக் குறித்திருந்த இடம் அது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலை நாலு மணிக்கு முன்னால், ஊரே பிள்ளையாரைக் கரைத்துவிட்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தபோது வந்தது. அளவு ஆறு சொச்சம்தான். மண்ணைக் குழைத்துக் கல் அடுக்கிய தடிச் சுவர்களும் கனத்த கூரைகளும் விழுந்து பத்தாயிரம் பேர் வரை செத்தார்கள். நிலம் ஆடியதைவிட வீடு விழுந்ததுதான் கொன்றது.

அதனால் முதலில் வீட்டுக்குள் எது விழும் என்று பார்த்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு அறையாகப் போய், படுக்கிற இடத்தில் தரையில் படுத்து மேலே பார்த்தோம். இதை நீங்களும் செய்து பாருங்கள். நின்றுகொண்டு பார்க்கும்போது தெரியாத வீடு படுத்துப் பார்த்தால் தெரியும். அத்தை தலைமாட்டுக்கு நேர் மேலே பரணில் பித்தளை அண்டா. பையன் படுக்கிற பக்கம் ஆளுயர இரும்பு பீரோ, அதன் தலையில் இரண்டு சூட்கேஸ். அண்டாவைக் கீழே இறக்கி அரிசிக்கு வைத்துக்கொண்டோம். பீரோவைச் சுவரோடு எல் ஆங்கிள் வைத்து இரண்டு இடத்தில் இழுத்துக் கட்டினோம். ஆங்கிள், ஸ்க்ரூ எல்லாம் சேர்த்தே இருநூறு ரூபாய் ஆகவில்லை. டிவியையும் அப்படியே. கட்டில் தலைமாட்டில் மாட்டியிருந்த கண்ணாடி போட்ட பெரிய சாமி படத்தை எதிர்ச் சுவருக்கு மாற்ற அத்தை முதலில் ஒப்பவில்லை. "காலை எழுந்ததும் நேரா சாமி மொகத்துல முழிக்கலாமே" என்று பையன் சொன்னதும் ஒத்துக்கொண்டார்கள்.

ஆடும்போது ஓடக் கூடாது என்பதை அத்தைக்குப் புரியவைக்கத்தான் நாளாயிற்று. உயிர் பதறினால் கால் தானாக ஓடும். ஆனால் ஓடும்போதுதான் படியில் விழுவதும், வாசலில் சன்ஷேடு காரை தலையில் விழுவதும். மேசை அடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள், தலையை மூடிக்கொள், ஆட்டம் நின்ற பிறகு வெளியே வா என்பதுதான் உலகம் முழுக்கச் சொல்லித் தருவது. அத்தைக்கு மூட்டு வலி, மேசைக்கு அடியில் குனிய முடியாது. அவர்களுக்கு வேறு வழி: கட்டிலில் இருந்தால் அங்கேயே சுருண்டு தலையணையால் தலையை மூடிக்கொள்வது. ஹாலில் இருந்தால் ஜன்னலை விட்டு விலகி, உள்சுவர் ஓரம் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொள்வது. நின்ற பிறகு கேஸ் ரெகுலேட்டர், அப்புறம் மெயின், அப்புறம் வெளியே. ரெகுலேட்டரை அத்தையே ஐம்பது தடவை திருப்பிப் பழகினார்கள். கேஸ் கசிந்தால் கூப்பிட வேண்டிய 1906 என்ற எண்ணை ஸ்டவ்வுக்கு நேரே சுவரில் எழுதி ஒட்டினோம்.

இதெல்லாம் வீட்டுக்குள். வீடே எப்படி நிற்கிறது என்பது பெரிய விஷயம். அதைப் பற்றி இந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் மனசு விட்டுப் பேசணும்.

நாங்கள் 2014இல் ஒரு மனை வாங்கித் தரைத்தளம் கட்டினோம். 2018இல் மேலே ஒரு மாடி எடுத்து வாடகைக்கு விட்டோம். இங்கே எல்லோரும் செய்வதுதான். கம்பெனிகள் வந்தன, ஆட்கள் வந்தார்கள், ஒரு மாடி இரண்டானது, இரண்டு மூன்றானது. ஒரு தளத்துக்கென்று போட்ட அஸ்திவாரம் அதே அஸ்திவாரமாகவே இருக்கிறது. அதிலும் பாதி மனைகள் முன்னாள் வயல், சில இடங்களில் தாங்கலைத் தூர்த்துச் சவுடு கொட்டிய மேடு. கொட்டிய மண்ணில் நில அதிர்வு கூடுதலாகத் தெரியும்.

மூன்றாவது தளத்துக்கு எங்கள் மேஸ்திரி வந்து கேட்டபோது, ஒரு பொறியாளரிடம் முதலில் காட்டலாம் என்றேன். அவர் வந்து பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "தூணுக்குக் கட்டின ரிங்கோட முனையை எப்படி மடக்கினாங்க?" தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற வளையம்தான் ரிங். அதன் முனையைச் சும்மா செங்குத்தாக மடக்கி விட்டால் தூண் ஆடும்போது பிரிந்துகொள்ளும். 135 டிகிரிக்கு வளைத்து கான்கிரீட்டுக்கு உள்ளே திருப்பிவிட்டால் பிடித்துக்கொள்ளும். பைசா கூடுதல் செலவு கிடையாது, கம்பி கட்டுகிறவர் இன்னும் கொஞ்சம் வளைக்கணும், அவ்வளவுதான். எங்கள் தூண்களில் அது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கம்பி கட்டிய அன்று நான் ஓவர்டைமில் இருந்தேன். கம்பெனியில் ஒவ்வொரு பீஸையும் கேஜ் வைத்துச் சோதிப்பவள், என் வீட்டுத் தூணைச் சோதிக்கவில்லை. மூன்றாவது தளம் எடுக்கவில்லை. மாதம் பதினைந்தாயிரம் வாடகை போச்சே என்று சொந்தக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். போகட்டும்.

கட்டப் போகிறவர்கள் கம்பி கட்டுகிற நாளில் ஒரு நாள் லீவு போட்டுக் கூடவே நில்லுங்கள். கீழே கார் நிறுத்த வெறும் தூண்களை மட்டும் விட்டு, மேலே நாலு தளம் எழுப்புகிறவர்கள் ஆமதாபாத்தைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2001 ஜனவரி 26இல் புஜ் நிலநடுக்கம் வந்தபோது, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஆமதாபாத்தில் அப்படித் தரைத்தளம் திறந்து கிடந்த அடுக்குமாடிகள்தான் பல விழுந்தன. நிலநடுக்கமே இல்லாமல் விழுந்ததும் நமக்குப் பக்கத்திலேயே உண்டு. 2014 ஜூன் 28, மௌலிவாக்கம், கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்த பதினொரு மாடி, மழை நாள் சாயங்காலம். 61 பேர். பெரும்பாலும் அங்கே வேலை செய்துகொண்டிருந்த கட்டடத் தொழிலாளிகள்.

இனி தண்ணீர். 2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. அடித்த மழையைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. ஹூண்டாய் உட்பட இந்தப் பக்கத்துக் கார் ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. எங்கள் கம்பெனியும் சீக்கிரம் அனுப்பிவிட்டது. ஆனால் பஸ் ஹைவேயில் அஞ்சு மணி நேரம் நகரவில்லை. அவர் ஒரகடத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு ராத்திரி அங்கேயே. வீட்டில் அத்தையும் நாலரை வயசுப் பையனும். தண்ணீர் முழங்கால் வரை ஏறியிருக்கிறது. மெயினை எப்படி அணைப்பது என்று அத்தைக்கு அன்றைக்குத் தெரியாது. 2012க்குப் பிறகு பீரோவைக் கட்டினோம், ரெகுலேட்டர் பழக்கினோம், மெயினை மட்டும் "பிறகு பார்க்கலாம்" என்று விட்டிருந்தோம். எதிர்வீட்டு ஆட்டோக்காரத் தம்பி ஓடிவந்து காய்ந்த மேடையில் ஏறி நின்று அணைத்தாராம். அவர் ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால் தரையில் வைத்திருந்த இன்வெர்ட்டர் பேட்டரி, தண்ணீருக்குள் போன ப்ளக் பாயிண்ட், அதில் நிற்கிற குழந்தை. அந்தப் படத்தை என்னால் இன்றும் முழுசாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ராத்திரி பதினொரு மணிக்கு நான் வந்து சேர்ந்தபோது தெருவே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. "செம்பரம்பாக்கம் ஒடைஞ்சிருச்சு, ஓடுங்க ஓடுங்க" என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். எங்கள் தெருக் கோடியில் ஒரு பெரியவர், முன்பு இதே இடத்தில் பயிர் வைத்தவர், திண்ணையில் உட்கார்ந்தபடி சத்தம் போட்டார்: "செம்பரம்பாக்கம் நமக்குக் கீழ இருக்குதுடா. அது ஒடைஞ்சா தண்ணி குன்றத்தூர்ப் பக்கம் போவும், உன் வூட்டுக்கு எப்படி ஏறி வரும்? நமக்கு மேல இருக்கிற ஏரி கோடி போவுதான்னு பாருங்கடா!"

அன்றைக்குத்தான் நான் வாழ்கிற இடம் எனக்குத் தெரிந்தது. செம்பரம்பாக்கம் ஏரி நமக்குக் கிழக்கே. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, ஆழம் 24 அடி. கரையும் மதகும் அந்தப் பக்கம், கீழ்ப்பகுதியில். அன்று ராத்திரி அங்கிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தபோது மூழ்கியது கீழே இருந்தவர்கள். நம் வீட்டுக்குள் வந்த தண்ணீர் அந்த ஏரிக்குப் போகிற வழியில் இருந்த தண்ணீர். ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி எல்லாம் நிரம்பிக் கலங்கல் வழியே வழிந்து செம்பரம்பாக்கத்துக்குத்தான் போகும். அந்தக் கால்வாய்களின் மேல் எங்கே மனை போட்டிருக்கிறார்களோ, எங்கே கல்வெர்ட் அடைத்திருக்கிறதோ, அங்கே நின்று வீட்டுக்குள் திரும்பும். செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்று சொல்வார்கள். இங்கே எந்த வீட்டுக்கும் மேலே ஒரு ஏரி, கீழே ஒரு ஏரி இருக்கும். டிவியில் எந்த ஏரி பேர் வந்தாலும் பதறாமல், உங்கள் மேல் ஏரி எது, அதன் கலங்கல் எந்தப் பக்கம், அந்தத் தண்ணீர் எந்தத் தெரு வழியாக வரும் என்று ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு நடந்து பார்த்துவிடுங்கள். மழைக்கு முன்னால், காய்ந்த காலத்தில். அந்தப் பெரியவர் போன வருஷம் தவறிவிட்டார். அவர் காட்டிய வழியைப் பையன் நோட்டில் வரைந்து வைத்திருக்கிறான்.

அந்த வெள்ளத்தில் நாங்கள் இழந்தது உயிர் இல்லை. அரிசி, துவரம்பருப்பு, பேட்டரி, ஃபிரிட்ஜ் கம்ப்ரசர், பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்த அத்தனை காகிதமும். பத்திரம், பையனின் பிறப்புச் சான்றிதழ், என் டிப்ளமோ. போன காகிதங்களுக்கு அரசு சிறப்பு முகாம் போட்டது, பெரும்பாலானவை திரும்பக் கிடைத்தன. அதற்கு நான் எடுத்த லீவுகளும் அலைந்த அலைச்சலும் ஒரு வருஷம். இப்போது எல்லாம் ஒரு ஜிப் வைத்த தடித்த பிளாஸ்டிக் பையில், பீரோவின் மேல்தட்டில். நகல் டிஜிலாக்கரில். பேட்டரியும் ஃபிரிட்ஜும் மூன்று செங்கல் உயரத்தில். சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறோம், ஏனென்றால் சிலிண்டர் தண்ணீரில் மிதக்கும், மிதந்தால் டியூபைப் பிடுங்கிக்கொண்டு போகும். சம்ப் மூடியைச் சுற்றி அரை அடி திட்டு எழுப்பினோம். சம்ப்பில் சாக்கடை கலந்தால் வெள்ளம் வடிந்த பிறகுதான் நோய் ஆரம்பிக்கும். வடிந்த பிறகு சம்ப்பைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் காலி செய்யாமல் ஒரு சொட்டு எடுக்கக் கூடாது. குடிக்கிறதைக் கொதிக்கவைத்தே தீரணும்.

மேல்மாடிப் பையன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒடிசாவிலிருந்து வந்த நாலு பேர், ஒரகடத்தில் வேலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர்களில் ஒருவன் கீழே வந்து அத்தையிடம் ஒரு பொட்டலம் கொடுத்தான். அவல். கூடவே வெல்லம். "அம்மா, சுடா. அடுப்பு வேணாம், தண்ணி போட்டா சாப்பாடு" என்றான், தெரிந்த தமிழில். ஊரில் அவன் அம்மா புயல் என்றதும் முதலில் எடுத்துவைப்பது அதுதானாம். ஜகத்சிங்பூர் பக்கத்துப் பையன். 1999 அக்டோபர் 29 பெரும்புயலில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டம். அந்தப் புயலில் ஒடிசாவில் பத்தாயிரம் பேர் அளவில் இறந்தார்கள். இருபது வருஷம் கழித்து 2019 மே 3இல் ஃபானி வந்தபோது பன்னிரண்டு லட்சம் பேரை முன்கூட்டியே மேடான இடங்களுக்கும் புயல் காப்பகங்களுக்கும் கொண்டுபோய்விட்டார்கள். இறப்பு நூற்றுக்கும் கீழே. நடுவில் அந்த ஜனங்கள் கிராமம் கிராமமாகப் பழகிக்கொண்டார்கள். அப்படிப் பழகியவன் என் மாடியில் வாடகைக்கு இருக்கிறான், நான் அவனிடம் அதுவரை கரண்ட் பில்லைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை.

அந்த ராத்திரி அவர்கள் நாலு பேரும்தான் மொட்டை மாடித் தகரத்தைக் கம்பி போட்டுக் கட்டினார்கள், அடைத்த மழைநீர்க் குழாயைக் கையை விட்டு எடுத்தார்கள். இரண்டு நாள் கரண்ட் இல்லை. எல்லோரும் சேர்ந்து அவல் ஊறவைத்துத் தின்றோம்.

எங்கள் கடலூர் வீட்டிலும் இப்படி ஒரு ஒழுங்கு இருந்தது. 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது, அப்பா முந்தின நாளே கூரைக்குத் தேங்காய்க் கயிறு இழுத்துக் கட்டி, விதை மூட்டையைப் பரணில் ஏற்றி, அரிக்கேன் விளக்குக்குத் திரி மாற்றியிருந்தார். இங்கே கான்கிரீட் வீட்டுக்கு வந்ததும் எனக்கு அது எல்லாம் மறந்துபோயிருந்தது.

எங்கள் மேல்மாடிப் பையன்களைப் போல இந்தப் பக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து தங்கியிருக்கிறார்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்குகிற விடுதியையே திறந்தார்கள். அங்கே பார்த்துக்கொள்ள வார்டன், காவலர் எல்லாம் உண்டு. நம் தெருக்களில் ஒரு அறைக்கு நாலு பேர் என்று இருக்கிறார்களே, அவர்களுக்கு வார்டன் வீட்டுக்காரர்தான். வாடகை வாங்குகிற நாம்தான் அவர்களுக்கு மெயின் எங்கே, மேல் ஏரி எது, எங்கே போய் நிற்கணும் என்று காட்டணும். இந்தியோ ஒடியாவோ தெரிய வேண்டாம், கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினால் போதும்.

சாமான் பெட்டி என்று தனியாக ஒன்று வாங்கவில்லை. மூடி போட்ட ஒரு பெயிண்ட் வாளி. அதில் டார்ச், பேட்டரி, பவர் பேங்க், விசில், தீப்பெட்டி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், பேண்டேஜ், அத்தையின் சர்க்கரை, பிரஷர் மாத்திரை பத்து நாளுக்கு, சீட்டின் நகல், நாப்கின், நூறு ரூபாய் நோட்டாக இரண்டாயிரம். கரண்ட் போனால் யூபிஐ கிடையாது. தண்ணீர்க் கணக்கு நான் போட்டது இப்படி: குடிக்கவும் பொங்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர், ஐந்து பேர், மூன்று நாள், அறுபது லிட்டர். வீட்டுக்கு வருகிற இருபது லிட்டர் கேன் மூன்று. மழை சீசனில் மூன்று நிறைந்த கேன் எப்போதும் இருக்கும், காலியானதும் ஒன்றை மாற்றுவோம். செலவு இல்லை, முறைதான் வேண்டும்.

போனுக்கு ஒரு ஏற்பாடு. 2012இல் கற்றது. கோயம்புத்தூரில் இருக்கிற என் சித்தப்பாதான் எங்கள் குடும்பத்துக்குப் பொது நம்பர். யாரும் யாரையும் தேடிக் கூப்பிட்டு லைனை அடைக்க வேண்டாம். அவரவர் அவருக்கு ஒரு எஸ்எம்எஸ்: "நான் நலம், இங்கே இருக்கிறேன்." பேச்சு போகாத நேரத்தில்கூடக் குறுஞ்செய்தி எப்படியோ நுழைந்துவிடும். அவர் நம்பரை மனப்பாடமாகச் சொன்னால்தான் பிள்ளைகளுக்கு அன்றைக்கு ஐஸ்கிரீம். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, இரண்டும் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில். அரசின் டிஎன் அலர்ட் செயலி என் போனில் இருக்கிறது. ஆனால் அத்தையிடம் பட்டன் போன்தான், அதனால் கதவில் எழுதியதுதான் எங்களுக்கு முதல்.

எப்போது செய்வது என்பதற்கு எங்கள் வீட்டில் தேதி தேட வேண்டியிருக்கவில்லை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள். கம்பெனியில் மெஷினைத் துடைத்து எண்ணெய் விடுவோம், வீட்டில் வண்டியைக் கழுவுவோம், பரணை ஒழிப்போம். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான் வரும். அன்றைக்கே வாளியைக் கொட்டிப் பழைய மாத்திரையை மாற்றுகிறோம், பீரோ ஸ்க்ரூவை இறுக்குகிறோம், மாடிக் குழாயில் இலையை எடுக்கிறோம். டார்ச்சுக்கும் விசிலுக்கும் அத்தை சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார்கள்.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு ட்ரில். இந்த வருஷம் பையன்தான் நடத்தினான், பதினாலு வயசு. சொல்லாமல் விசில் ஊதினான். நானும் அவரும் வேண்டுமென்றே தலையிடவில்லை, நாங்கள் ஷிப்டில் இருப்பதாகக் கணக்கு. அத்தை கட்டிலில் இருந்தார்கள். தலையணையைத் தலைக்கு மேல் வைத்து அறுபது எண்ணினார்கள். எழுந்து செருப்புப் போட்டார்கள், கண்ணாடிச் சில்லு கிடக்கும் என்பதற்காகக் கட்டிலுக்கு அடியிலேயே ஒரு ஜோடி இருக்கும். ரெகுலேட்டர். மெயின். வீடு இருண்டது. வாளியை அவன் தங்கை, எங்கள் சின்னவள், எடுத்தாள். டேங்க் பக்கம், கரண்ட் கம்பி பக்கம் போகாமல், தெரு முனைப் பிள்ளையார் கோயில் திடலில் போய் நின்றார்கள். எங்கள் அசெம்பிளி பாயிண்ட் அது. மேல்மாடிப் பையன்களும் இறங்கி வந்து நின்றார்கள்.

சின்னவள் டார்ச் அடித்து எண்ணினாள். "ஆறு. ஏழு வரணும் ஆயா."

"யாரு இல்ல?"

"மேல் மாடி அண்ணன் ஒருத்தர். சி ஷிப்ட், இன்னும் நேரம் இருக்குன்னு தூங்குறாராம். ட்ரில்தானே, விட்டுடலாம்னு சொல்றாங்க."

அத்தை திடலிலிருந்து நகரவில்லை. "அதெப்படி விடறது? மூணு பேருல யாராவது போய் எழுப்பிக் கூட்டிக்கிட்டு வாங்க. அவன் வர்ற வரைக்கும் நான் மெயின் போட மாட்டேன்" என்றார்கள்.

இருட்டிலேயே நின்றோம். லுங்கியோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு அவன் படி இறங்கி வந்தான். சின்னவள் அவன் முகத்தில் டார்ச் அடித்து, "ஏழு" என்றாள்.